கண்ணாடியில் தெரியவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் கவுன்சிலிங் பெண்ணைக் கண்டாலே எனக்கு ஆகாது. கண்டால் என்ன கண்டால், நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. உள்ளங்கை அகலப் போனில் கழுத்துக்கு மேலே மட்டும் தெரிவாள். பின்னால் ஒரு வெள்ளைச் சுவர், ஒரு தொட்டிச் செடி. அந்தச் செடியையும் எனக்குப் பிடிக்காது. வாடாமல் வதங்காமல் வாரா வாரம் அப்படியே நிற்கும், பிளாஸ்டிக்காகத்தான் இருக்க வேண்டும். செடி விஷயத்திலேயே இப்படி என்றால் மற்றது எப்படி இருக்கும் என்று அப்போதே நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே டிப்போ. கல்லுளிமங்கன் என்றால் அப்படியொரு கல்லுளிமங்கன். மனுஷர் யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசியதே கிடையாது. பின்னால் சத்தம் போடுகிறவனைத் தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடியில் பார்த்து, "என்னய்யா?" என்பார். அவ்வளவுதான், அவன் அடங்கிவிடுவான். அதே பழக்கம் வீட்டிலும். மகளைத் திட்டுவதென்றால்கூடச் சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துத்தான் திட்டுவார். கல்யாணம் ஆன புதிதில் நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் கண்ணாடியில் இருந்தவளைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்க" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த பாராட்டு அது ஒன்றுதான். அதையும் நான் முழுசாக வாங்கிக்கொள்ள முடியவில்லை.

இப்படிப்பட்ட ஆளை ஒரு போன் முன்னால் உட்கார வைத்து மனசைத் திற என்றால் திறப்பாரா?

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த விபத்து. சாயங்கால நெரிசலில் ஒரு நிறுத்தத்தை விட்டுப் பஸ் கிளம்பிவிட்டது. ஒரு பெண் பின்னாலேயே ஓடி வந்து கதவுக் கம்பியைப் பிடித்து, கை வழுக்கி விழுந்தாள். பின்சக்கரம் அவள் பாதத்தில் ஏறிவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கால் பழையபடி ஆகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். விசாரணை நடந்தது. "கதவுப் பக்கக் கண்ணாடியில் தெரியவில்லை" என்று இவர் சொன்னார். அந்தப் பெண்ணோ, "அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியில நானும் அவரைப் பார்த்தேன். ரெண்டு பேர் கண்ணும் ஒண்ணையொண்ணு பார்த்துச்சு" என்று படுக்கையில் இருந்தபடியே சொல்லியிருக்கிறாள். ஓடுகிற பஸ், அத்தனை கூட்டம், அதில் கண்ணோடு கண் பார்த்தாளாம். யார் நம்புவார்கள்? தப்பு அவள் மேல்தான் என்று முடிவாயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆஸ்பத்திரிக்கே போய், வராந்தாவில் நின்று, "அண்டப்புளுகு புளுகாதே, என் புருஷன் பிழைப்புல மண்ணள்ளிப் போடாதே" என்று நாலு பேர் கேட்கக் கத்திவிட்டு வந்தேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஏழரை அப்புறம்தான் ஆரம்பித்தது. வேலைக்குத் திரும்பிய மனுஷர் எந்த நிறுத்தத்திலும் வண்டியை எடுக்க மாட்டார். எல்லாரும் ஏறிய பிறகும், யாரும் வராத தெருவைப் பார்த்துக்கொண்டு கதவைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருப்பாராம். பின்னால் வரும் பஸ்கள் ஹாரன் அடிக்கும், கண்டக்டர் விசில் ஊதி ஊதிச் சலித்துவிடுவார். ஒரு நாள் யாரோ ஒருத்தன், "தூங்கிட்டியாய்யா, எடுய்யா வண்டிய!" என்று கத்தினான். இவர் எஞ்சினை அணைத்துவிட்டு, எழுந்து போய், அவன் கன்னத்தில் ஒன்று விட்டார்.

சஸ்பெண்ட். டிப்போ மேலாளர் என்னையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "ஆறு தடவை ஆன்லைன் கவுன்சிலிங். போன்லயே பார்த்துக்கலாம். முடிஞ்சதும் அவங்க எங்களுக்கு எழுதுவாங்க. வண்டி ஓட்டலாம்னு எழுதினா ஸ்டியரிங். இல்லேன்னா இல்ல." என் தையல் கம்பெனிச் சம்பளத்தில் நாலு வயிறு எத்தனை நாள் ஓடும்? எப்படியாவது இவரை மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார வைத்துவிட வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

முதல் தடவை கூடத்தில் நாற்காலி போட்டு, அலமாரி மேல் போனைச் சாய்த்து வைத்தோம். எங்கள் வீட்டில் மூடுகிற கதவு குளியலறைக்கு மட்டும்தான். மாமியார் சோபாவில் உட்கார்ந்து டிவியைச் சத்தமில்லாமல் ஓட விட்டிருந்தார். சத்தம் வைத்தால் இங்கே பேசுவது கேட்காதே. நான் அடுப்படிச் சுவரில் காதை வைத்திருந்தேன்.

அந்தப் பெண் தேன் தடவிய குரலில் ஆரம்பித்தாள். "சார், நீங்க பேசுறது நமக்குள்ளயே இருக்கும். உங்க உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும்தான் நான் வேற யார்கிட்டயாவது சொல்வேன். டிப்போவுக்கு நீங்க வண்டி ஓட்டத் தயாரா இல்லையான்னு மட்டும் எழுதுவேன், நீங்க என்ன சொன்னீங்கன்னு எழுத மாட்டேன். தனியா உட்காருங்க, ஹெட்போன் இருந்தா போட்டுக்கங்க. லைன் கட்டானா நானே திரும்பக் கூப்பிடுறேன். பேசணும்னு கட்டாயம் இல்ல. சும்மா இருக்கணும்னு தோணினா சும்மாவும் இருக்கலாம்."

சும்மா இருக்கச் சொல்லவா வேண்டும் அவருக்கு! அரை மணி நேரம் பிள்ளையைப் பறிகொடுத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு கட்டத்தில் அவளே பயந்துபோய், "சார், படம் நின்னுடுச்சா? நான் தெரியுறேனா?" என்றாள்.

"தெரியுறீங்க மேடம்."

"ராத்திரி தூக்கம் எப்படி இருக்கு?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். சும்மா இருப்பதற்கு எதற்கு இன்டர்நெட், எதற்கு ஒரு பெண், எதற்கு ஒரு செடி? போனை வைத்த பிறகு, "வாயில என்ன கொழுக்கட்டையா? தூக்கம் நல்லா வருதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று பிடித்துக்கொண்டேன். அவர் எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்போதுதான் 'ஹாரன்' வந்து சேர்ந்தார். இவரோடு வேலை பார்க்கிற டிரைவர், தொண்டையைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் என்பதால் அந்தப் பெயர். அவரும் போன வருஷம் இதே கவுன்சிலிங்கில் இதே பெண்ணிடம் உட்கார்ந்து, திரும்ப வண்டி ஏறியவர்.

இங்கே ஒரு டிப்போ ரகசியத்தைச் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை உண்டு. முதலில் உள்ளே போகிறவர் பலகையில் கடைசி வரியில் இருக்கிற எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஓதிவிடுவார். பார்வை மங்கியவன்கூடக் கடகடவென்று ஒப்பித்துவிட்டு வருவான். அந்தப் புத்தியைத்தான் ஹாரன் இங்கேயும் காட்டினார்.

"அண்ணே, கேள்வி எல்லாம் ஒண்ணுதான். நான் சொன்ன பதிலை அப்படியே சொல்லுங்க, கை மேல பலன். அண்ணி, நீங்க குறிச்சுக்கங்க."

அவர் சொல்லச் சொல்ல நான் இவருக்குக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக் கொடுத்தேன். தூக்கம் நல்லா வருது மேடம். இப்பல்லாம் கோபம் வந்தா பத்து வரைக்கும் எண்ணுறேன் மேடம். பழைய பழக்கத்தை எல்லாம் விட்டுட்டேன் மேடம். வீட்டுல ரொம்ப ஒத்துழைக்கிறாங்க மேடம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் ஒரு ஒத்திகை. தப்பினால் முதலிலிருந்து.

இரண்டாவது தடவை மனுஷர் நன்றாகத்தான் ஒப்பித்தார். எனக்குக் கர்வமாகக்கூட இருந்தது. மூன்றாவது பதில் வரைக்கும்தான்.

"பழைய பழக்கம்னா என்ன சார்?" என்றாள் அவள்.

ஹாரன் சொல்லிக் கொடுத்தபடி, "குடி மேடம். இப்ப விட்டுட்டேன்" என்று பட்டென்று சொல்லிவிட்டார்.

என் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. எங்கள் வீட்டில் இருமல் மருந்தைத் தவிர எதுவும் இந்த மனுஷர் தொண்டையில் இறங்கியதில்லை. குடித்தது ஹாரன்! ஹாரனை அனுப்பியதே குடிக்காகத்தான். பதிலைக் கொடுத்த மகராசன் அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். நானும் எழுதிக்கொண்டபோது யோசிக்கவில்லை, பழைய பழக்கம் என்றால் ஏதோ பொதுவாகச் சொல்வது என்று நினைத்துவிட்டேன்.

"அடப்பாவி! எப்போடா குடிச்ச?" என்று மாமியார் சோபாவிலிருந்தே அலறினார்.

"அங்க யாராவது இருக்காங்களா சார்?"

"டிவி மேடம்" என்றார் இவர்.

அந்த வாரம் பூராவும் மாமியார் இவருடைய சட்டைகளை மோந்து பார்த்துக்கொண்டே திரிந்தார். "என் பிள்ளையை நீ குடிக்க வச்சிட்ட" என்று பழி என் தலையில் விடிந்தது. ஹாரனைப் போனில் கூப்பிட்டுக் கிழி கிழி என்று கிழித்தேன். "சரி விடுங்க அண்ணி, குடியை விட்டவனுக்குத்தான் நல்ல மார்க்கு" என்று சிரிக்கிறார் அந்த ஆள்.

மூன்றாவது தடவை முழுக்கக் குடியைப் பற்றியே போயிற்று. முதல் தடவை எப்போது, யாரோடு, எவ்வளவு? இவர் ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணை உருட்டி அடுப்படியைப் பார்க்கிறார். நான் கதவோரம் நின்று கையைக் காலை ஆட்டி ஜாடை காட்டுகிறேன். கடைசியில் அந்தப் பெண் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. குரலில் இருந்த தேன் போய்விட்டது.

"சார், இது பரீட்சை இல்ல. நீங்க வேற யாரோட பதிலையோ சொல்றீங்க. எனக்கு உங்களோடது வேணும். அடுத்த தடவை தனியா இருக்கிற இடத்துல இருந்து பேசுங்க. இப்படியே போனா உங்களைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியலன்னுதான் டிப்போவுக்கு எழுத வேண்டி வரும்."

வைத்துவிட்டாள். எவ்வளவு திமிர் பாருங்கள்! சொல்லிக் கொடுத்த பதிலையும் வாங்கிக்கொள்ள மாட்டாளாம், சும்மா இருந்தாலும் எழுதிவிடுவாளாம். "உங்களால ஒரு பொய்யைக்கூட ஒழுங்கா சொல்லத் துப்பில்ல" என்று இவரிடம் கத்தினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது, மென்று விழுங்கிவிட்டார்.

தனி இடத்துக்கு எங்கே போவது? என் தம்பி டூரிஸ்ட் வேன் வைத்திருக்கிறான். வேலை இல்லாத நாளில் எங்கள் தெரு முனையில்தான் நிறுத்துவான். சாவியை வாங்கி வந்தேன். நாலாவது தடவை, போனை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். வெயிலில் போன் சூடேறி அணைந்து அணைந்து போனதில் பாதி நேரம் அதிலேயே கழிந்தது. மீதி நேரம் வழக்கம்போல ஊமைப்படம்.

ஐந்தாவது தடவைக்கு நானே போய் வண்டியை ஒரு கட்டட நிழலில் நிறுத்த வைத்தேன். டேஷ்போர்டில் அப்போதும் வெயில் விழுந்தது. "பின்சீட்டுல வச்சுட்டு நீங்களும் அங்கேயே உட்காருங்க" என்றேன். போனைப் பின்சீட்டில் ஒரு தலையணையில் சாய்த்து வைத்தார். ஆனால் பழக்க தோஷம், மனுஷர் வந்து டிரைவர் சீட்டில்தான் உட்கார்ந்தார். புழுக்கத்துக்காக ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். தெருப் பிள்ளைகள் வண்டியைத் தட்டாமல் நான் வெளியே காவல்.

"சார், உங்க தலையோட பின்பக்கம்தான் தெரியுது" என்று அவள் சொல்வது வண்டியின் பெரிய ஸ்பீக்கரில் கேட்டது. தம்பி போட்டு வைத்த இணைப்பு, போன் தானாக அதில் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. சத்தத்தைக் குறைக்க இவருக்குத் தெரியவில்லை. நான் உள்ளே போய்க் குறைத்திருக்கலாம். போகவில்லை, எனக்குக் கேட்க வேண்டியிருந்தது.

"எனக்கு நீங்க தெரியுறீங்க மேடம்" என்றார். தலைக்கு மேல் இருந்த கண்ணாடியைத் திருப்பி, அதில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி சார், அப்படியே இருங்க."

பிறகு யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார். இருபது வருஷமாக நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

"குடிச்சது நான் இல்ல மேடம். நான் குடிக்கவே மாட்டேன்."

"தெரியும் சார்."

"தினமும் யாரையாவது விட்டுட்டுத்தான் மேடம் போவோம். ஓடி வருவாங்க. கண்ணாடியில தெரியும். நின்னா நேரம் போயிடும், எதிர்ல பச்சை விழுந்திருக்கும். அடுத்த வண்டியில வரட்டும்னு எடுத்துடுவோம். எல்லா டிரைவரும் அப்படித்தான். அன்னைக்கும் அப்படித்தான் எடுத்தேன்."

நான் ஜன்னலை ஒட்டி வந்து நின்றேன்.

"அந்தப் பொண்ணைப் பார்த்தேன் மேடம். தோள்ல பை. ஓடி வந்துக்கிட்டே அவளும் கண்ணாடியில என்னைப் பார்த்தா. நிறுத்திடுவார்னு நினைச்சு லேசா சிரிச்சா. நான் எடுத்துட்டேன்."

நான் ஜன்னலில் கையை விட்டு அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "வாயை மூடுங்க! பைத்தியமா உங்களுக்கு? கையில வந்த வேலையை நீங்களே கெடுத்துக்குவீங்களா?"

"வெளியே யார் சார்?" என்று ஸ்பீக்கர் கேட்டது.

"என் மனைவி மேடம்" என்றார். அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "அந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் நிஜம். பொய் சொன்னது நான்தான்."

அந்தக் கவுன்சிலிங் பெண்ணுக்காவது புத்தி இருக்கும், இதை இங்கேயே புதைத்துவிடச் சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது இதுதான்: "இது நமக்குள்ள இருக்கும் சார். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என்ன பண்ணணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்." அதைவிடக் கேவலமான உதவியை நான் கேட்டதில்லை. இழுத்து நடுத்தெருவில் விட்டுவிட்டு, வழியை நீயே பார்த்துக்கொள் என்றால்?

மறுநாளே இவர் டிப்போவுக்குப் போய் மேலாளரிடம் சொல்லிவிட்டார். நான் குறுக்கே நின்று பார்த்தேன், அழுது பார்த்தேன், மாமியாரை விட்டும் திட்டச் சொன்னேன். அசையவில்லை. விசாரணையைத் திரும்ப எடுத்தார்கள். ஸ்டியரிங் போயிற்று. வேலையை முழுசாகப் பிடுங்காமல் பஸ் கழுவுகிற இடத்தில் போட்டார்கள். அதுவும் விசாரணை முடிகிற வரைக்கும்தானாம். ஹாரன் வீட்டு வாசலில் வந்து நின்று, "எங்க எல்லார் தலையிலயும் கல்லைப் போட்டீங்களேண்ணே. இனி கண்ணாடியில தெரியலன்னு எவன் சொன்னாலும் நம்ப மாட்டாங்க" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

டிப்போவோடு விட்டாரா? விபத்தில் அடிபட்ட அந்தப் பெண் வீட்டுக்கும் போக வேண்டுமாம். தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை, அங்கே போய் இன்னும் என்னத்தையாவது உளறி வைப்பார். கூடவே போனேன். மாடி வீடு. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஊன்றுகோலில் அவள் கதவைத் திறந்தாள். என்னைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஓ, நீயும் வந்திருக்கியா? இங்கயும் கத்தணுமா?"

நான் ஒரு படி கீழே இறங்கி நின்றேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் பார்த்தேம்மா. அன்னைக்கு. டிப்போல சொல்லிட்டேன்" என்றார்.

"நீ பார்த்தேன்னு எனக்குத் தெரியும். நீ சொல்லித்தான் தெரியணுமா?"

மன்னிப்பு கேட்க வாயெடுத்தார். அவள் கையை நீட்டி நிறுத்திவிட்டு, உள்ளே திரும்பி, "இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். அவள் புருஷன் வந்து நின்றான். பனியன் போட்டிருந்தான், கையில் பாதி உரித்த வெங்காயம்.

"இவர்கிட்ட சொல்லு" என்றாள் என் வீட்டுக்காரரிடம்.

"பார்த்தேன் சார். அவங்க ஓடி வந்ததைக் கண்ணாடியில பார்த்தேன். பார்த்துட்டுத்தான் வண்டியை எடுத்தேன்."

"இன்னொரு தடவை சொல்லு. என்னை நிமிர்ந்து பார்த்துச் சொல்லு."

கண்ணாடி இல்லாமல், நேராக, அவள் முகத்தைப் பார்த்து அவர் சொன்னார். என் முகத்தைக்கூட அப்படி அவர் பார்த்ததில்லை. அவள் தன் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"பொய் சொல்றேன், அவசரத்துல ஓடி விழுந்துட்டுப் பழியை இன்னொருத்தன் மேல போடுறேன்னு எத்தனை நாள் சொன்னீங்க? வீட்டுலயே என்னை ஒருத்தரும் நம்பல. இப்ப கேட்டுச்சா?"

பிறகு எங்களைப் பார்த்து, "போங்க" என்றாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது. நாங்கள் படியிறங்கினோம். வழியெல்லாம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும்தான், ஆனால் அவர் பேசாதது ஒன்றும் புதிதில்லை.

ஆறாவது தடவை அந்த வாரக் கடைசியில் வந்தது. இனி அவள் டிப்போவுக்கு என்ன எழுதினால் என்ன, இது எதற்கு, ஸ்டியரிங்தான் போய்விட்டதே என்றேன். அவர் தம்பியிடம் தானே போய் வேன் சாவியை வாங்கி வந்தார். போனைப் பின்சீட்டில் வைத்து, முன்னால் உட்கார்ந்து, தலைக்கு மேல் கண்ணாடியைத் திருப்பினார். பஸ் கழுவிய கை, விரலெல்லாம் ஊறிப்போய் வெளுத்திருந்தது.

"ராத்திரி தூக்கம் எப்படி இருக்கு சார்?" என்று ஸ்பீக்கர் கேட்டது.

நல்லா வருது மேடம், என்று நான் சொல்லிக் கொடுத்தது என் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"வரல மேடம்" என்றார் அவர். "அந்த விபத்து நடந்த நாள்லேர்ந்தே வரல."

எனக்கு அந்தக் கவுன்சிலிங் பெண்ணை இப்போதும் பிடிக்காது. கதவைத் திறந்து, எட்டி, ஸ்பீக்கர் சத்தத்தை அவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்குக் குறைத்தேன். ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, அவர் பேசுவது கேட்காத தூரத்தில், எதிர் நடைபாதையில் போய் நின்றுகொண்டேன்.